கட்டிலில் படுத்தால்தான் காப்பீடா? மருந்துச் செலவுக்கு நிறுவனங்கள் கைவிரிப்பது ஏன், நோயாளி என்ன செய்யலாம்?

மதுரையில் ஒரு கண் மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியார் ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற 63 வயதுக்காரர் ஒருவர், மனைவியுடன் காப்பீட்டு கவுன்ட்டர் முன்னால் நிற்கிறார். இருபது வருஷத்துச் சர்க்கரை நோய். விழித்திரையில் நீர் கோத்து, பேப்பர் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், முதலில் மாதம் ஒன்று வீதம் சில ஊசிகள் தேவைப்படும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“ஊசி போட்டுட்டு கொஞ்ச நேரத்துல வீட்டுக்குப் போயிடலாம் சார். அட்மிஷன் கிடையாது. அதனால உங்க கம்பெனில க்ளெய்ம் வருமான்னு மெயில் போட்டுத்தான் பாக்கணும்” என்கிறார் கவுன்ட்டரில் இருப்பவர். “எந்த மருந்துன்னும் கேப்பாங்க. மூணு இருக்கு. மூணும் வேற வேற ரேட்டு.”

மனைவி கணவரைப் பார்க்கிறார். “ஏங்க, ஆறு வருஷமா பிரீமியம் கட்டுறோமே, அது எதுக்கு?”

காட்சி கற்பனைதான். ஆனால், இந்தக் கேள்வி தமிழ்நாட்டின் எந்த ஊர் ஆஸ்பத்திரி கவுன்ட்டரிலும் கேட்கக்கூடிய கேள்வி. டாக்டர் எழுதிய மருந்துக்குக் காப்பீட்டு நிறுவனம் ஏன் பணம் தர யோசிக்கிறது? எந்த மருந்து என்று முடிவு செய்வது டாக்டரா, கம்பெனியா? மறுத்துவிட்டால் எங்கே போவது?

காப்பீடு எதற்குப் பணம் தருகிறது?

இந்தியாவில் விற்கப்படும் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் பெரும்பாலானவை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் செலவுக்கானவை. குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. அதாவது, பாலிசி முதலில் பார்ப்பது நோயாளி எந்த மருந்தை எடுத்துக்கொண்டார் என்பதை அல்ல. அவர் படுக்கையில் சேர்க்கப்பட்டாரா என்பதைத்தான்.

சேர்ந்துவிட்டால், அந்த நாட்களில் கொடுக்கப்பட்ட மருந்து, ஊசி, குளுக்கோஸ் எல்லாம் பில்லோடு சேர்ந்து வரும். சேர்வதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பிறகு 60 நாள் என அதே நோய்க்கு வாங்கிய மருந்துகளுக்கும் பெரும்பாலான பாலிசிகளில் பணம் உண்டு. சில பாலிசிகளில் இந்த நாட்கள் இன்னும் அதிகம்.

ஆனால், வாழ்க்கை 60 நாளில் முடிவதில்லையே. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளைப் பல மாதங்கள் விடாமல் சாப்பிட வேண்டும். கொழுப்பு மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. ஸ்டென்ட்டுக்குப் பணம் கொடுத்த கம்பெனி, அந்த ஸ்டென்ட் அடைக்காமல் காக்கும் மாத்திரைக்கு 60 நாளோடு நிறுத்திக்கொள்ளும்.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2021-22-ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது. 2013-14-ல் இது 64.2 சதவீதமாக இருந்தது. குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனாலும், கையை விட்டுப் போகும் பணத்தில் பெரும் பங்கு மருந்துக்கடையில்தான் போகிறது. காப்பீடு எட்டாத இடமும் அதுதான்.

‘டே கேர்’ என்றால் 24 மணி நேரம் வேண்டாமே?

டயாலிசிஸ், கண்புரை அறுவை, ஊசி வழி கீமோதெரபி போன்றவற்றுக்கு 24 மணி நேரம் தேவையில்லை. இவை ‘டே கேர்’ சிகிச்சைகள். ஆனால், அந்தச் சொல்லுக்கு பாலிசியில் இருக்கும் விளக்கத்தைப் படித்தால் சிக்கல் புரியும். முன்பு 24 மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டியிருந்த சிகிச்சை, தொழில்நுட்ப வளர்ச்சியால் இப்போது குறைந்த நேரத்தில் முடிகிறது என்றால்தான் அது டே கேர். வழக்கமாகப் புறநோயாளியாகவே செய்யப்படுவது இதில் சேராது.

கண்ணுக்குள் போடும் ஊசி இந்த இடத்தில்தான் மாட்டியது. அது எந்தக் காலத்திலும் ஒரு நாள் படுத்துச் செய்த சிகிச்சை அல்ல. புதிதாக வந்த மருந்து. வந்ததிலிருந்தே சில நிமிட வேலை. ஆகவே, ‘இது ஓபிடி’ என்று சொல்லி நிறுவனங்கள் மறுத்தன. நோயாளிகள் குறைதீர்ப்பாளரிடமும் நுகர்வோர் மன்றங்களிலும் ஏறி இறங்கினார்கள்.

2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஒரு பட்டியலை வெளியிட்டது. 12 நவீன சிகிச்சைகளை பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்றது. கண்ணுக்குள் போடும் ஊசி, வாய் வழி கீமோதெரபி, ஊசியாகப் போடப்படும் மோனோக்ளோனல் ஆன்ட்டிபாடி இம்யூனோதெரபி, ரோபாட்டிக் அறுவை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இன்று கண் ஊசிக்கு ‘எங்கள் பாலிசியில் இது அறவே கிடையாது’ என்று சொன்னால், முதலில் நினைவுபடுத்த வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.

பிறகு ஏன் இன்னும் பிரச்சினை?

இரண்டு காரணங்கள். ஒன்று, விலக்கக் கூடாது என்றார்களே தவிர, உச்சவரம்பு வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளுடன் விற்கும் ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசியிலேயே இந்த 12 சிகிச்சைகளுக்கும் காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம்தான் வரம்பு. 5 லட்ச ரூபாய் பாலிசி என்றால் 2.5 லட்சம். அதிலும் 5 சதவீதம் நோயாளி தன் பங்காகக் கட்ட வேண்டும். வேறு பல பாலிசிகளில் வரம்பு இதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கும். புற்றுநோய்க்கான சில இம்யூனோதெரபி மருந்துகளில் ஒரு டோஸே லட்சத்தைத் தாண்டும்போது, இந்த வரம்பு எத்தனை டோஸுக்கு வரும் என்று கணக்குப் போட கால்குலேட்டர் தேவையில்லை.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். அதே ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், இந்த நவீன சிகிச்சைகளை ‘உள்நோயாளியாகவோ மருத்துவமனையில் டே கேர் சிகிச்சையின் பகுதியாகவோ’ பெற்றால்தான் பணம் என்று எழுதியிருக்கிறது. ஊசிக்கு இது பொருந்தும். மாத்திரைக்கு?

வாய் வழி கீமோதெரபி என்பது மாத்திரை. காலையில் சாப்பிட்ட பிறகு வீட்டில் தண்ணீர் ஊற்றி விழுங்குவது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் மாத்திரை வந்த பிறகு, அந்த நோய் வந்தவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே வருடக்கணக்கில் நன்றாக வாழ்கிறார்கள். படுக்கையே தேவைப்படாத அளவுக்கு மருந்து வேலை செய்கிறது. மருத்துவத்துக்கு அது வெற்றி. பாலிசியின் வாசகத்துக்கோ அது குழப்பம். வீட்டில் விழுங்கிய மாத்திரைக்கு க்ளெய்ம் போட்டால், ‘மருத்துவமனையில் சேரவில்லையே’ என்று சில நிறுவனங்கள் கேட்கின்றன. சில நிறுவனங்கள் தருகின்றன. பாலிசிக்கு பாலிசி வேறுபடுகிறது. பட்டியலில் மருந்தின் பெயர் ஏறியும், கட்டில் நிபந்தனை கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஒரே கண், மூன்று மருந்து: எது என்று யார் சொல்வது?

கவுன்ட்டரில் சொன்ன அந்த மூன்று மருந்துகள் பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட். மூன்றும் விழித்திரையில் ரத்தக்குழாய் கசிவைத் தூண்டும் ஒரே புரதத்தைத் தடுப்பவை. பெவாசிசுமாப் உண்மையில் புற்றுநோய் மருந்து. பெரிய குப்பியைச் சிறு சிறு அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் பயன்படுத்துவதால், ஒரு ஊசியின் விலை மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு குறைவு. ரானிபிசுமாபுக்கு 2015-லேயே இந்தியாவில் பயோசிமிலர், அதாவது மூல மருந்துக்கு நிகரான உள்நாட்டுத் தயாரிப்பு வந்துவிட்டது. அதனால் அந்த மருந்திலும் இரண்டு விலை.

விலை குறைந்தது போதாதா? 2011-ல் அமெரிக்காவில் வெளியான ‘கேட்’ ஆய்வு, வயதானவர்களுக்கு வரும் விழித்திரை மையச் சிதைவில் பெவாசிசுமாபும் ரானிபிசுமாபும் பார்வையை ஏறத்தாழ ஒரே அளவுதான் மீட்டன என்று காட்டியது. அதை மட்டும் படித்தால், காப்பீட்டு நிறுவனம் மலிவானதைக் கேட்பதில் நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால், 2015-ல் வந்த ‘புரோட்டோகால் டி’ ஆய்வு சர்க்கரை நோயாளிகளின் விழித்திரை வீக்கத்தில் மூன்று மருந்துகளையும் ஒப்பிட்டது. பார்வைக் குறைவு லேசாக இருந்தவர்களுக்கு மூன்றும் ஒன்றுபோல. தொடக்கத்திலேயே பார்வை நன்றாகக் குறைந்திருந்தவர்களுக்கு, ஓராண்டு முடிவில் அஃப்லிபெர்செப்ட் கூடுதல் பலன் தந்தது.

சுத்தம் பற்றிய கேள்வியும் உண்டு. குப்பியைப் பிரிக்கும்போது கிருமித் தொற்று வந்துவிடக் கூடாது. 2016-ல் குஜராத்தில் இந்த ஊசி போட்ட சிலருக்குக் கண் பாதிப்பு ஏற்பட்டபோது, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்ணுக்கு இதைப் பயன்படுத்துவதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது. கண் மருத்துவர்கள் எதிர்த்த பிறகு அதே ஆண்டில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் ஊசி அது ஒன்றுதான் என்பது அவர்கள் வாதம்.

இதிலிருந்து தெரிவது ஒன்று: மலிவான மருந்து பல நேரங்களில் போதும், சில நேரங்களில் போதாது. எந்த நேரம் எது என்பது அந்தக் கண்ணைப் பரிசோதித்தவருக்குத்தான் தெரியும். நோயாளியை நேரில் பார்க்காமல் கோப்பை மட்டும் பார்ப்பவருக்கு விலைதான் கண்ணில் படும்.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் ‘ஃபார்முலரி’ என்ற மருந்துப் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுகின்றன. இந்த மருந்துக்கு இவ்வளவு, அந்த மருந்துக்கு முன் அனுமதி, முதலில் மலிவானதைச் சாப்பிட்டுப் பலனில்லை என்றால்தான் அடுத்தது என எழுதிவைக்கிறார்கள். அதில் நோயாளிகள் படும் பாடு தனிக்கதை. இங்கே அப்படி மருந்துப் பட்டியல் கிடையாது. சுதந்திரம் மாதிரி தெரியும். ஆனால், எந்த மருந்துக்கு எவ்வளவு வெட்டுவார்கள் என்பது பில் போன பிறகுதான் தெரியவருகிறது.

பில்லில் மருந்தை எங்கே வெட்டுகிறார்கள்?

அடிக்கடி வரும் காரணங்கள் நான்கு.

முதலாவது, ‘நியாயமான, வழக்கமான கட்டணத்தைவிட அதிகம்’ என்பது. அந்தப் பகுதியில் அதே மாதிரி சேவைக்கு நிலவும் கட்டணத்தோடு ஒப்பிடுவதுதான் இந்த விதியின் பொருள். விலை உயர்ந்த மருந்து தேவைப்பட்டதற்கு டாக்டர் எழுதிய காரணம் கோப்பில் இருந்தால், இந்த விதியைக் காட்டி மலிவான மருந்தின் விலையை மட்டும் தருவதைக் கேள்வி கேட்கலாம்.

இரண்டாவது, ‘நிரூபிக்கப்படாத சிகிச்சை’. பலன் தரும் என்பதற்குப் போதிய மருத்துவச் சான்று இல்லாதவற்றை விலக்கலாம் என்பது விதி. ஒரு மருந்தை அனுமதிக்கப்பட்ட நோய்க்கு அல்லாமல் வேறு நோய்க்குப் பயன்படுத்தும்போது இதைக் காட்டுவார்கள். சான்று இருக்கிறது என்றால், அதைக் காட்டும் வேலை டாக்டரின் கடிதத்துடையது.

மூன்றாவது, சத்து மாத்திரை. சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய வைட்டமின், தாது உப்பு வகைகளுக்குப் பணம் கிடையாது. ஆனால், உள்நோயாளி அல்லது டே கேர் சிகிச்சையின் பகுதியாக டாக்டர் எழுதியிருந்தால் உண்டு. இந்த இரண்டாம் பாதி பல நேரங்களில் ‘மறந்துபோகிறது’.

நான்காவது, அறை வாடகை. பாலிசியில் அறைக்கு நாளுக்கு 5,000 ரூபாய் வரம்பு. நோயாளி 10,000 ரூபாய் அறையில் தங்கினார் என்றால், டாக்டர் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக்குவது வழக்கம். ஆனால், 2020-ல் ஐஆர்டிஏஐ ஒரு தெளிவு தந்தது: மருந்து, கருவி, பரிசோதனைச் செலவுகளில் இந்த விகிதாச்சார வெட்டு கூடாது. பில்லில் டாக்டர் கட்டணம் 80,000, மருந்து 1,20,000 என்றால், வெட்டு 80,000-க்குத்தான். மருந்தையும் சேர்த்துப் பாதியாக்கியிருந்தால் 60,000 ரூபாய் தவறாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பில்லை ஒருமுறை வரி வரியாகப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இதில் ஆஸ்பத்திரிகளின் பங்கும் இல்லாமல் இல்லை. உள்ளே இருக்கும் மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உத்தரவிடக் கோரிய பொதுநல வழக்கில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நேரடி உத்தரவு எதுவும் போடவில்லை. கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டது. அதிகபட்ச விலைக்கே பில் போடப்படும்போது, நோயாளியின் காப்பீட்டு வரம்பு சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

“ஒரு நாள் அட்மிஷன் போட்டுடலாமா?”

கவுன்ட்டரில் இப்படி ஒரு யோசனை வருவது உண்டு. நல்ல எண்ணத்தில்கூட சொல்வார்கள். தேவையில்லாத அட்மிஷன் நோயாளிக்குத்தான் ஆபத்து. ‘மருத்துவமனையில் சேர வேண்டிய அவசியம் இல்லை’ என்று எழுதி நிறுவனம் முழு க்ளெய்மையும் மறுக்க அது வழி செய்யும். பொய்யான ஆவணம் என்று முடிவானால் பாலிசியே ரத்தாகலாம்.

நேர் வழியிலேயே வாதம் இருக்கிறது. 2023-ல் குஜராத்தின் வதோதரா நுகர்வோர் ஆணையம், 24 மணி நேரம் தங்கவில்லை என்று மறுக்கப்பட்ட ஒரு க்ளெய்மில் நோயாளி பக்கம் தீர்ப்பளித்தது. புதிய மருந்துகளும் முறைகளும் வந்துவிட்ட காலத்தில் சிகிச்சை சீக்கிரம் முடிகிறது, அதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். இது மற்ற மன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. ஆனாலும், மேற்கோள் காட்டலாம்.

மறுத்துவிட்டார்கள். இனி என்ன?

2023-24-ல் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் முன் இருந்த க்ளெய்ம்களின் மதிப்பு சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய். கொடுக்கப்பட்டது 83,493 கோடி, அதாவது 71.3 சதவீதம் என்கிறது ஐஆர்டிஏஐ ஆண்டறிக்கை. மீதியெல்லாம் அநியாய மறுப்பு என்று அர்த்தமில்லை. நிலுவையில் இருப்பதும் அதில் உண்டு. ஆனால், முதல் ‘இல்லை’யோடு வீட்டுக்குத் திரும்பிவிடுபவர்களும் அதில் உண்டு.

முதலில், மறுப்பை எழுத்தில் வாங்க வேண்டும். “கம்பெனில வராதுன்னு சொல்லிட்டாங்க” என்ற வாய்வார்த்தையை வைத்து எங்கும் போக முடியாது. 2024 மே மாதம் வந்த ஐஆர்டிஏஐ சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளெய்மையும் மறுக்கக் கூடாது. எந்த விதியின் கீழ் மறுப்பு என்பதையும் குறிப்பிட வேண்டும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கைதான்.

அடுத்து டாக்டரின் கடிதம். ‘தேவையான மருந்து’ என்று ஒற்றை வரியில் எழுதினால் போதாது. ‘மருத்துவ ரீதியாக அவசியமான சிகிச்சை’ என்பதற்கு பாலிசியில் நான்கு அளவுகோல்கள் இருக்கின்றன: நோயைக் கையாள அது தேவை, தேவைக்கு மிஞ்சிய அளவில் இல்லை, பதிவுபெற்ற மருத்துவர் எழுதியது, மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நடைமுறைப்படி உள்ளது. கடிதம் இந்த நான்குக்கும் பதில் சொல்ல வேண்டும். விலை குறைந்த மாற்று ஏன் இந்த நோயாளிக்குப் பொருந்தாது என்பதையும் இரண்டு வரியில் எழுதச் சொல்லலாம். மதுரைக்காரர் விஷயத்தில், ஊசிக்கு முன் எடுத்த பார்வை அளவும் ஸ்கேன் அறிக்கையும் கூடவே போனால் கடிதத்துக்கு வலு வரும்.

மூன்றாவது, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல். ஏஜென்ட்டிடமோ, இடையில் இருக்கும் டிபிஏ-விடமோ பேசுவது புகார் ஆகாது. இரண்டு வாரத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம்.

நான்காவது, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்ச ரூபாய் வரை உத்தரவிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. புதுச்சேரி நகரமும் காரைக்காலும் இதன் கீழ்தான். உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால், நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் புகார்தாரருக்குக் கொடுக்க வேண்டும்.

உத்தரவில் திருப்தி இல்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே வழக்கு நடந்துகொண்டிருந்தால் குறைதீர்ப்பாளர் அதே புகாரை எடுக்க மாட்டார். அதனால், முதலில் குறைதீர்ப்பாளர், பிறகு நுகர்வோர் ஆணையம் என்ற வரிசையில் போவது நல்லது. நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு இரண்டு ஆண்டு.

“சர்க்கரை நோயை மறைச்சுட்டீங்க” என்று கம்பெனி கிளப்பினால்? பாலிசி 60 மாதம் தொடர்ந்து நடப்பில் இருந்தால், தகவலை மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டும் விதிவிலக்கு. முன்பு எட்டு ஆண்டாக இருந்த இந்தக் கெடுவை 2024-ல் ஐந்து ஆண்டாகக் குறைத்தார்கள். ஆறு வருஷமாகக் கட்டிவரும் மதுரைத் தம்பதிக்கு இது பெரிய பாதுகாப்பு. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுதான்.

மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு?

இதற்குக் காப்பீட்டை நம்பிப் பலனில்லை. ஓபிடி செலவுக்கென்று கூடுதல் பிரீமியத்தில் சில பாலிசிகள் இருக்கின்றன. வரம்பு சிறியது. கட்டும் கூடுதல் தொகையையும் ஆண்டு மருந்துச் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த ஓட்டையை அரசு வேறு வழிகளில் கொஞ்சம் அடைக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மக்கள் மருந்தகம் என்று அழைக்கப்படும் மத்திய அரசின் ஜன் ஔஷதி கடைகளும் இருக்கின்றன. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால், அதுவும் ஆஸ்பத்திரி சிகிச்சைக்கான தொகுப்புத் திட்டம்தான்.

விலையும் சில இடங்களில் இறங்கியிருக்கிறது. 2019-ல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்துக்கு 30 சதவீத வரம்பு வைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமானது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் போய்விட்டது. பழைய விலை அச்சிட்ட பெட்டியைக் காட்டிப் பழைய விலையே கேட்டால், விளக்கம் கேட்பதில் தவறில்லை.

பாலிசி எடுக்கும்போதே கேட்க வேண்டியவை

அறை வாடகை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். மருந்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மூன்று கேள்விகளையாவது கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைப்பது நல்லது. 12 நவீன சிகிச்சைகளுக்கு வரம்பு எவ்வளவு? வீட்டில் சாப்பிடும் புற்றுநோய் மாத்திரைக்குப் பணம் உண்டா? வீடு திரும்பிய பிறகு எத்தனை நாள் மருந்துக்குத் தருவீர்கள்? இவற்றைச் சுருக்கமாகச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளை நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். கேட்டால் தமிழிலும் தர வேண்டும். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

ஆனால், இந்தச் சுமை முழுவதையும் நோயாளி தலையில் ஏற்றுவது சரியல்ல. பட்டியலில் வாய் வழி கீமோதெரபியைச் சேர்த்த ஆணையம், அதை எங்கே வைத்து விழுங்கினாலும் செல்லும் என்று ஒரு வரி எழுதினால், பல குடும்பங்களின் அலைச்சல் மிச்சமாகும். புதிய மருந்துகளில் பல, நோயாளியைப் படுக்கையிலிருந்து விடுவிப்பதற்காகவே வருகின்றன. படுத்தால்தான் பணம் என்ற விதி 2019-ல் பாதி தளர்ந்தது. மீதிப் பாதி ஆணையத்தின் கையில் இருக்கிறது.

அதுவரைக்கும், மதுரை கவுன்ட்டரில் நிற்கும் தம்பதி செய்ய வேண்டியது இவ்வளவுதான். எந்த ஊசி, ஏன் அந்த ஊசி என்று டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். நிறுவனத்தின் பதிலையும் எழுத்தில் கேட்க வேண்டும். கண் காத்திருக்காது என்பதால், பதில் தாமதமானால் முதல் ஊசியைச் சொந்தக் காசில் போட்டுக்கொண்டு, பில்லையும் சீட்டையும் பத்திரமாக வைத்துப் பிறகு க்ளெய்ம் போடலாம். “வராதுன்னு சொல்றாங்க” என்று யாராவது சொன்னால், அந்த அம்மா கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எந்த விதிப்படி வராதுன்னு எழுதிக் குடுங்க தம்பி.”